இன்னும் எத்தனை தடவை தூங்கணும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசியும் சில ஆயிரம் ரூபாயும் இருந்தால் குறும்படம் எடுத்துவிடலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வீடற்றவர்களைப் பற்றிய படமென்றால் செட் செலவும் இல்லை, நடிகர் சம்பளமும் இல்லை என்று போகிற போக்கில் எழுதப்பட்டிருந்த வரி மட்டும் உறுத்தியது. அந்தச் சிக்கனத்தில் எனக்கும் பங்குண்டு.

சென்ற ஆண்டு, கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன் எடுத்த எட்டு நிமிடப் படத்துக்கு மைக் பிடித்து நின்றவன் நான். மும்பை மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே பூ கட்டி விற்று, இரவில் மூடிய கடை வாசலிலேயே படுத்துக்கொள்ளும் விழுப்புரத்து அம்மாள் ஒருவர் நடிக்கச் சம்மதித்தார். கதைப்படி ஒரு சிறுவன் தன் போர்வையை அவர்மேல் போர்த்திவிட்டுப் போக வேண்டும். தெருவிளக்கு வெளிச்சம் போதாமல் படம் புள்ளி புள்ளியாக விழுந்தது. பிறகு லோக்கல் ரயிலின் இரைச்சல் ஒலியைக் கெடுத்தது. பிறகு சிறுவன் கேமராவைப் பார்த்துவிட்டான். ஐந்தாவது டேக்குக்கு மறுபடி படுக்கச் சொன்னபோது, “இன்னும் எத்தனை தடவை தூங்கணும் தம்பி? நாலு மணிக்குப் பூ வாங்க தாதர் போகணும்” என்றார். மணி அப்போது ஒன்றரை. பேட்டரி மாற்றிய இடைவேளையில், தூங்கி விழுந்த அந்தச் சிறுவனைத் தன் கோணிமேல் கிடத்தி, முந்தானையால் கொசு விரட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான். அதை நாங்கள் படம் பிடிக்கவில்லை. எங்கள் செலவு நோட்டில் வடா பாவுக்குக் கணக்கு இருந்தது, அவருடைய கூலிக்கு ஒரு வரி இல்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தோம். பூக்கூடை தெரிந்தால் பரிதாபம் வராது என்று அதை ஒதுக்கிவிட்டு, ஓர் அலுமினியத் தட்டை அவர் தலைமாட்டில் வைத்தோம். மகாராஷ்டிரத்தில் 1959-ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பிழைப்புக்கு வழியற்றவர்போல் பொதுவிடத்தில் இருப்பவரைக்கூடப் பிச்சையெடுப்பவராகக் கருதவும், வாரண்ட் இல்லாமல் பிடிக்கவும், ஓராண்டுக்குக் குறையாமல் அடைத்துவைக்கவும் அது வழி செய்கிறது. தில்லியில் இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2018-இல் செல்லாதவையாக்கியது. உழைத்துச் சாப்பிடும் ஒருவருடைய முகத்தருகே மும்பையில் தட்டை வைத்துப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டுவது, கருணையின் பெயரால்தான் என்றாலும், விளையாட்டல்ல.

கதைக்குப் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்த மும்பை நடைபாதைவாசிகள் வழக்கின் மனுதாரர்களில் ஒருவர், வறட்சியில் வேலையிழந்து 1961-இல் சேலத்திலிருந்து இங்கு வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. 1981 ஜூலையில், கொட்டும் மழைக்காலத்தில், அவருடைய குடிசையை இடித்துக் குடும்பத்தோடு சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியையும் மகள்களையும் ஊரில் விட்டுவிட்டு, வேலை தேடி அவர் திரும்பவும் மும்பை நடைபாதைக்கே வந்து சேர்ந்தார். பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று ஒப்புக்கொண்ட அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்தபின் அப்புறப்படுத்தலாம் என்றும் அனுமதித்தது. அந்த பஸ் பயணம் ஒன்றே போதும் ஒரு குறும்படத்துக்கு; அதில் போர்வை போர்த்துவதற்கு யாரும் வர வேண்டியதில்லை.

தங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை பட்ஜெட் மாதிரி வெளியிடும்போது, தெருவில் வசிப்பவர் நடித்தால் அவருக்கு இரவுக் கூலி என்ற வரியை கேமரா வாடகைக்கும் முன்னால் சேர்க்க வேண்டுகிறேன்.

நாங்கள் தாமதமாகவே விழித்துக்கொண்டோம். தட்டு வரும் காட்சிகளை வெட்டிவிட்டு, கூலியோடு அந்த அம்மாளைத் தேடிப் போனோம். பணத்தை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு கைபேசியில் படத்தை முழுவதும் பார்த்தவர், “என் கூடை எங்கே?” என்று கேட்டார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சயான், மும்பை.