பத்திரத்தில் பெயர் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் குடும்ப வீடுகள் குறித்து எழும் உரிமைத் தகராறுகளைப் பற்றிய தங்கள் கட்டுரை, பத்திரத்தில் பெயர் உள்ளவரே முழு உரிமையாளர் என்பதுபோல் முடிகிறது. அது சரியல்ல. ஒருவர் பணம் போட, வீடு இன்னொருவர் பெயரில் வாங்கப்பட்டால், பணம் போட்டவருக்குப் பங்கு உண்டு என அனுமானிப்பதே 'ரிசல்ட்டிங் டிரஸ்ட்' என்ற சட்டக் கோட்பாடு. அந்தப் பணம் அன்பளிப்பு அல்லது கடன் என்று நிரூபணமானால் அந்த அனுமானம் விழுந்துவிடும். இருவர் பெயரில் உள்ள வீட்டுக்குப் பணக்கணக்கு மட்டும் போதாது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் இருவருக்கும் இருந்த பொதுவான எண்ணத்தையும் பார்க்க வேண்டும் என்று 2007-இல் 'ஸ்டாக் எதிர் டௌடன்' வழக்கில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் எண்ணத்துக்கு ஆதாரம் வேண்டுமே!

என் உறவினர் ஒருவர் தம்பி வாங்கிய வீட்டுக்குப் பெரும்பணம் தந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. இன்று இருவரும் பேசிக்கொள்வதில்லை. வீடு வாங்கும்போதே அவரவர் பங்கைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட ஆவணம் எழுதிக்கொள்ளும்படி வழக்கறிஞர்கள் வலியுறுத்த வேண்டும்.