தலையில் கொட்டிய கொழுக்கட்டை

கொக்குவில்,
ஆவணி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் குரல் பதிவைக் கேட்டேன். நீ கதைத்ததைவிடப் பின்னால் மகன் கத்தியதுதான் தெளிவாக விளங்கியது. நானும் பேசி அனுப்பியிருக்கலாம், ஆனால் எங்கள் வீட்டிலும் அதே பின்னணி இசை உண்டு. மகள் நித்திரையாகும் வரை காத்திருந்து எழுதுகிறேன்.

இங்கே நல்லூர்த் திருவிழா நடக்கிறது. 25 நாளும் ஊர் தூங்காது என்பது உனக்குத் தெரியும். மனுசிக்கு ஆஸ்பத்திரியில் கிழமைக்கு மூன்று நாள் இரவு வேலை. அந்த நாட்களில் குசினியும் பிள்ளையும் என் பொறுப்பு. தேத்தண்ணி போடவே தெரியாதவன் என்று ஹொஸ்டலில் என்னைச் சிரித்தாயே, இப்போது கொழுக்கட்டை பிடிக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு வயதும் நாலு மாதமுமான பிள்ளை, பகலில் ஏதோ தின்கிறான், இரவில் வாயைத் திறக்கிறான் இல்லை. அவன் தானே எடுத்துத் தின்னக்கூடிய மாதிரி என்ன கொடுக்கலாம் என்கிறாய்.

எங்கள் கதையைக் கேள். சோறு, பருப்பு, கரட் எல்லாவற்றையும் குழையப் பிசைந்து, சொதி விட்டு, ஒரே நிறக் களியாக்கித்தான் நாங்களும் தீத்தினோம். அம்மா கோப்பையும் கையுமாக முற்றத்தைச் சுற்றுவார். காகம், நிலா, பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாம் காட்டி முடிந்து, நிலா இல்லாத நாட்களில் என் போன். அரை மணித்தியாலத்தில் மூன்று வாய் இறங்கினால் வெற்றி.

எட்டாம் மாதம் பல் வந்தபோது பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். பாயில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டையைக் கொட்ட, அவள் முன்னால் பேனை, புத்தகம், சங்கிலி எல்லாம் பரப்பியிருந்தோம். எதை எடுப்பாளோ என்று சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, மடியில் விழுந்த கொழுக்கட்டை ஒன்றைப் பிடித்து வாய்க்குள் வைத்தாள். பல்லுப் போலச் செருகியிருந்த தேங்காய்ச் சொட்டை மனுசி பாய்ந்து பிடுங்கி எடுத்தாள். கொழுக்கட்டையை விட்டுவிட்டாள். பிள்ளை அதைச் சூப்பிச் சூப்பிப் பாதியை முடித்தது. ஒருவரும் காகம் காட்டவில்லை.

அன்றே புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஒரு வயதுக்குப் பிறகு இரவுச் சண்டை இன்னும் கூடியது. கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் போய் முறையிட்டேன். அவர் நிறை அட்டையில் இருந்த கோட்டைக் காட்டினார். முதல் வருசத்தில் பிள்ளை பிறந்த நிறையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருசத்தில் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையும், கோடு ஒழுங்காகப் போகிறது, பிறகு என்ன என்றார். அதோடு, “பின்னேரம் என்ன குடுக்கிறியள்?” என்று ஒரு கேள்வி.

அங்கேதான் பிடிபட்டேன். ஐந்தரை மணிக்கு ஒரு போத்தல் பால், கூடவே பிஸ்கட் இரண்டு. ஏழு மணிக்கு நான் கோப்பையோடு வரும்போது அவள் வயிறு நிறைந்திருக்கிறது. இந்த வயதில் நாளொன்றுக்கு அரை லீற்றர் பாலுக்கு மேல் வேண்டாம். கூடிப்போனால் பசியைக் கெடுக்கும், இரும்புச்சத்தும் குறையும். பின்னேரப் பாலை நாலு மணிக்குத் தள்ளினேன், பிஸ்கட்டை நிறுத்தினேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை தானாகவே மேசையைத் தட்டியது.

சரி, சாப்பாடு. எங்கள் புட்டை அப்படியே கொடுத்தால் பாதி நிலத்துக்கு, கால்வாசி தலைமயிருக்குப் போகும். அதனால் சூடாக இருக்கும்போதே நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தோடு பிசைந்து, அவள் விரல் அளவுக்கு நீட்டாகப் பிடித்து வைக்கிறேன். குரக்கன் புட்டு இதற்கு இன்னும் நல்லாய் ஒட்டும். இனிப்பே பழகிவிடும் என்று மனுசி முறைத்ததால் அடுத்ததாகப் பிடிக்கொழுக்கட்டையில் இறங்கினேன். வறுத்த அரிசிமாவைக் கொதிதண்ணி விட்டுக் குழைத்து, அவித்து மசித்த பருப்பும் பொடியாக அரிந்த முருங்கையிலையும் சேர்த்துப் பிடித்து, ஆவியில் அவிக்கவேண்டும். விரலால் அமத்தினால் நசியவேண்டும், அதுதான் பதம். அங்கே முருங்கையிலை கிடைக்காவிட்டால் எந்தக் கீரையும் சரி.

மீனுக்குப் பாரைதான் சுகம், முள் பெரிது, கண்ணுக்குத் தெரியும். அவித்து உதிர்த்து, இரண்டு தரம் விரலால் தடவிப் பார்த்து, உருளைக்கிழங்கோடு பிசைந்து தட்டையான சின்னக் கட்லட்டாக்கித் தாச்சியில் இரண்டு பக்கமும் வாட்டினால் போதும். பொரிக்கத் தேவையில்லை. உறைப்பில்லை, உப்பும் பேருக்குத்தான். நான் அவளுக்கென்று தனியாகச் சமைப்பதில்லை. எங்கள் கறிக்குத் தூள் போடமுன் அவளின் பங்கை எடுத்துவிடுவேன், அவ்வளவுதான்.

முட்டைப் பொரியல், மஞ்சள் போட்ட எங்கள் தோசை இரண்டையும் கத்தரிக்கோலால் நாடா நாடாவாக வெட்டிக் கொடு. கத்தரிக்கோல்தான் குசினியின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்பது இப்போது என் கருத்து. வத்தாளங்கிழங்கு, பூசணி, போஞ்சி அவித்தால் போதும். பப்பாப்பழத் துண்டு கையில் வழுக்கினால் வறுத்த உழுத்தம் மாவில் புரட்டு, பிடிபடும். பருப்பும் கீரையும் தின்கிற நேரத்தில் பப்பாப்பழமோ தோடம்பழமோ பக்கத்தில் இருந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். தேத்தண்ணி அதைத் தடுக்கும். உன் மாமியார் பேரனுக்கு மிடறு மிடறாகப் பருக்குகிறாரோ என்று பார்த்துக்கொள்.

புதிதாக முட்டையோ மீனோ கடலையோ பழக்குவதென்றால் பகலில் கொடு. ஒவ்வாமல் தடிப்பு ஏதும் வந்தால் கண்முன்னே தெரியும்.

எறிந்தால் மனதை விடாதே. பத்துப் பதினைந்து தரம் முகம் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் ஒரு சாப்பாட்டோடு சிநேகமாகும். முருங்கையிலைக் கொழுக்கட்டையை இவள் ஒன்பது நாள் எறிந்தாள். பத்தாம் நாள் காதுக்குள் வைத்தாள். பதினோராம் நாள் தின்றாள். ஒரு கோப்பையில் அவளுக்குப் பழகியது ஒன்று, புதிது ஒன்று, அவ்வளவுதான் வைக்கிறேன். என்ன, எப்போது, எங்கே என்பது என் பொறுப்பு. எவ்வளவு என்பதும், தின்பதா இல்லையா என்பதும் அவள் பாடு. இருபது நிமிசத்தில் கோப்பையை எடுத்துவிடுவேன். இதை எழுதுவது சுகம், செய்வது கஷ்டம். இன்றைக்கும் ஒரு வாயாவது தீத்திவிடலாமோ என்று கை துடித்தது.

பயமான விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். போன கிழமை கோயில் வீதியில் ஒரு சொந்தக்கார அன்ரி ஆசையாக இவள் வாய்க்குள் ஒரு கச்சானைப் போட்டுவிட்டார். விரலை விட்டு எடுக்காத குறைதான், நல்ல காலம் தானே துப்பினாள். முழுக் கச்சான், முழு முந்திரிப்பழம் (திராட்சை), பச்சைக் கரட் துண்டு, தேங்காய்ச் சொட்டு இவை வேண்டவே வேண்டாம். முந்திரிப்பழத்தை நீளவாக்கில் நாலாக வெட்டு. கட்டாயம் இருத்தித்தான் கொடு, ஓடித்திரியும்போது கூடாது. ஓங்காளித்து இருமிச் சிவந்தால் பொறு, அது தானே வெளியே தள்ளுகிறது. சத்தமே வராமல் திணறினால்தான் ஆபத்து. அப்போது குப்புறச் சாய்த்து, இரண்டு தோளெலும்புக்கும் நடுவே ஐந்து தரம் அடிக்கவேண்டும். மனுசி என்னைப் பொம்மை வைத்துப் பழக்கினாள். நீயும் அங்கே ஒரு முதலுதவி வகுப்புக்குப் போ, கொழுக்கட்டை பழகமுன் அதைப் பழகு.

உறிஞ்சி ஒட்டுகிற கோப்பை அனுப்பவா என்று கேட்டாய். வேண்டாம், இவள் மேசையையே கழற்றுவாள். மார்கழியில் வரும்போது நல்ல கத்தரிக்கோல் ஒன்று கொண்டுவா. உன் பெடியனுக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டவில்லையென்றால் பிந்தினாலும் இங்கே கொட்டுவோம். தேங்காய்ச் சொட்டு இல்லாமல்.

அடுத்த கடிதத்தில் மகன் எத்தனை வாய் தின்றான் என்று எழுதாதே. பின்னேரம் எத்தனை மணிக்குப் பால் குடித்தான் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்