சாட்சிக்கும் சோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை எந்தச் சுவரைப் பார்த்தாலும் 'அற்புத சுகமளிக்கும் கூட்டம்' சுவரொட்டிதான். மேடையில் 'ஜெபத்தால் குணமானேன்' என்று சொல்லப்படும் சாட்சி மறுநாளே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. யாருக்கு, என்ன நோய், எந்த மருத்துவர் பார்த்தார் என்று கேட்டால், "உங்களுக்கு விசுவாசம் இல்லையா?" என்று மடக்குகிறார்கள். இருக்கிறது ஐயா, அதனால்தான் கேட்கிறேன்.

பைபிளில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 15-ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து மரணத்திலிருந்து எழுந்திராவிட்டால் தங்கள் பிரசங்கமே வீண், தாங்கள் தேவனைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொன்னவர்கள் என்று அப்போஸ்தலர் பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். நடந்ததா இல்லையா என்பதன் மேல்தான் அவர் முழு விசுவாசத்தையும் நிறுத்துகிறார். பழைய ஏற்பாட்டில் துன்பங்களால் சோதிக்கப்பட்ட யோபுவோ, தேவனுக்காக வஞ்சகமாய்ப் பேசுவீர்களோ என்று நண்பர்களையே கேட்டுவிடுகிறார். (இந்த வசனத்தின் மேல் யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.)

பெரம்பூரில் லூர்து அன்னை திருத்தலம் இருக்கிறது. அந்தப் பக்தி பிறந்த பிரான்சின் லூர்து நகரில், குணமானோம் என்று வருபவர்களைப் பரிசோதிக்க 1883-லேயே மருத்துவ அலுவலகம் அமைத்தார்கள். குணமானதாகப் பதிவான 7,000-க்கும் மேற்பட்டவற்றில் அற்புதம் என்று திருச்சபை ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். அதனால் அங்கே கூட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நம் போதகர்களும் சாட்சி சொல்பவரை மேடையேற்றும் முன் மருத்துவச் சான்றைப் பார்க்கட்டும். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பேச்சுக்கு ஒலிபெருக்கியைத் தரவே கூடாது.

– வாசகர் ஒருவர், ராயபுரம், சென்னை-13