பழைய யூனிக்ஸில் டைமர் சிக்னல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் மாணவர் இணைப்பில் வெளியான சி மொழிப் பாடத்தில், நொடிக்கு ஒருமுறை செய்தி அச்சிடும் புரோகிராமை சிக்னல் (ஓடும் புரோகிராமுக்கு இயங்குதளம் அனுப்பும் அறிவிப்பு) வந்தால் எது இயங்க வேண்டும் என்று பதியும் ‘சிக்னல்’ ஃபங்ஷனைக் கொண்டு எழுதிக் காட்டியிருந்தார்கள். இன்றைய லினக்ஸில் அது ஓடும் என்பதில் ஐயமில்லை. ஆனால், பழைய யூனிக்ஸ் கணினிகளிலும் அப்படியே ஓடும் என்று சேர்த்திருந்த வரி சரியல்ல.

சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸிலும் அதன் வழிவந்த சோலாரிஸிலும், டைமருக்குரிய சிக்னலான சிக்அலார்ம் ஒருமுறை வந்ததுமே நாம் பதிந்து வைத்த ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் இயங்கும் ஃபங்ஷன்) விலக்கப்பட்டு, அந்தச் சிக்னலுக்குரிய இயல்பான நடவடிக்கை திரும்பிவிடும். புரோகிராமை முடித்துவிடுவதே அந்த நடவடிக்கை. எனவே டைமரை இயக்கும் செட்ஐடைமர் கொண்டு நொடிதோறும் சிக்னல் வரச் செய்தால், முதல் நொடியில் செய்தி தெரியும், இரண்டாம் நொடியில் ஷெல் ‘அலார்ம் கிளாக்’ என்று அச்சிட்டுவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற மற்றொரு யூனிக்ஸ் வகை, ஹேண்ட்லர் நிலைத்திருக்கும்படி இதை மாற்றியது. லினக்ஸிலும், அதன் பழைய சி நூலகமான லிப்சி 5 வரை பழைய முறையே இருந்தது. அதற்குப் பின் வந்த கிளிப்சி 2 நூலகம் முதல்தான் பிஎஸ்டி முறை வந்தது.

ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே ‘சிக்னல்’ ஃபங்ஷனை மீண்டும் அழைத்து ஹேண்ட்லரைப் பதிவதுதான் அக்காலத்தவர் கையாண்ட வழி. அந்த வரி இயங்குவதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிட்டால் புரோகிராம் முடிந்துவிடும். டைமரின் இடைவெளி 10 மில்லி நொடியாக இருந்து, கணினியில் வேலைப்பளுவும் கூடினால், இது என்றாவது நடக்கவே நடக்கும். எப்போதோ ஒருமுறை நேர்வதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

1988-இல் வெளியான போசிக்ஸ் என்ற, யூனிக்ஸ் வகைகளுக்கான பொதுத் தரத்தில் உள்ள ஃபங்ஷனான ‘சிக்ஆக்‌ஷன்’ இந்தச் சிக்கலை அறவே தீர்க்கிறது. ஹேண்ட்லர் விலகுவதில்லை, அது இயங்கி முடியும் வரை அதே சிக்னல் மறிக்கப்பட்டிருக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அதில் ‘எஸ்ஏ ரீஸ்டார்ட்’ என்ற கொடியை (விருப்பத் தேர்வை) இட்டால், உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும் ‘ரீட்’ அழைப்பு, சிக்னல் வந்த பின்னும் தானாகத் தொடரும். அலாரம் வைத்ததே அந்தக் காத்திருப்பை முறிக்கத்தான் என்றால், கொடியை இடாமல் விட்டு, அழைப்பு சிக்னலால் முறிந்தது எனக் காட்டும் ‘ஈஇன்டர்’ பிழை வருகிறதா என்று சோதிப்பதே முறை.

பாடத்தில் ஹேண்ட்லருக்குள், அச்சிடும் ஃபங்ஷனான பிரின்ட்எஃப்பை அழைத்திருப்பதும் தவறே. மெயின் ஃபங்ஷன் பிரின்ட்எஃப்பின் நடுவில் இருக்கையில் சிக்னல் வந்தால், வெளியீடு குழம்பலாம், புரோகிராம் அசையாமலும் நின்றுவிடலாம். ஹேண்ட்லருக்குள் பாதுகாப்பாக மாற்றக்கூடிய ‘வாலடைல் சிக் அடாமிக் டி’ வகை மாறி ஒன்றில் 1 என்று குறித்துவிட்டு, அச்சிடும் வேலையை மெயினிலுள்ள லூப்புக்கு விட்டுவிட வேண்டும்.

அடுத்த இணைப்பில் திருத்திய புரோகிராமை முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினித் துறை விரிவுரையாளர்