மெக்கென்சி கவுண்டியின் நடுவீடு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு மூட்டு அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே மாடி ஏறப் பார்ப்பார்கள், விடாதே. இங்கே மினியாபொலிஸில் எல்லாரும் சுகம்.

"அங்கே என்னதான்டா வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். சொன்னால் சிரிப்பாய். கிராஃப் தாளில் ஓஜைவ், அதாவது எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் வளைகோடு, இரண்டு வரைந்து, அவை வெட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து கீழே கோடு இறக்கி இடைநிலை கண்டுபிடித்தோமே, அதே பிழைப்புதான். மார்க்குக்குப் பதில் இப்போது டாலர்.

இரண்டு மாதமாக வட டகோட்டாவின் மெக்கென்சி கவுண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி, ஆனால் ஆள் குறைவு. 2010-ல் அங்கே 6,360 பேர். பாக்கன் என்ற பாறை அடுக்கிலிருந்து எண்ணெய் பொங்கியதில் 2020-ல் 14,704. எல்லாக் குடித்தனங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம் எவ்வளவு, அது 1999-லிருந்து எப்படி மாறியது என்று ஒரு கோடு வரைய வேண்டும். "ஒரு கோடுதானே?" என்றார் மேலாளர்.

அந்த ஒரு கோட்டுக்குப் புள்ளி கிடைப்பதுதான் பாடு. 2000 சென்சஸ் வரை சுமார் ஆறில் ஒரு வீட்டுக்கு நீளப் படிவம் கொடுத்து, முந்தைய ஆண்டு வருமானத்தைக் கேட்டார்கள். அதனால்தான் என் முதல் புள்ளி 1999. பிறகு அந்தப் படிவத்தை நிறுத்திவிட்டு, வருடம் முழுக்க நடக்கும் அமெரிக்கச் சமுதாயக் கணக்கெடுப்புக்கு மாறினார்கள். அதில் 65,000 பேருக்குக் குறைந்த ஊருக்கு வழக்கமான ஒரு வருட எண்ணை வெளியிடுவதில்லை. ஐந்து வருடத்தைச் சேர்த்து ஒரே எண். கச்சா எண்ணெய் 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது. 2016 தொடக்கத்தில் 30-க்குக் கீழே விழுந்தது. 2012 முதல் 2016 வரைக்குமான எண்ணில் அந்த ஏற்றமும் இறக்கமும் ஒரே பானையில் கிடக்கின்றன. அடுத்த எண் 2013 முதல் 2017 வரை. ஐந்தில் நான்கு வருடம் இரண்டிலும் பொது. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஏறியது, இறங்கியது" என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வருடா வருடம் எண் வேண்டுமென்றால் சென்சஸ் அலுவலகமே ஒரு கணித மாதிரி வைத்து மதிப்பிட்டுத் தருகிறது. வருமான வரிப் படிவம், பழைய சென்சஸ் எல்லாம் சேர்த்து ஒரு சமன்பாடு. கணக்கெடுப்பு எண் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவுக்கு அதைவிட்டுச் சமன்பாட்டின் பக்கம் சாய்வது. 1979-ல் ஃபே, ஹெரியட் என்ற புள்ளியியல்காரர்கள் இருவரும் சிற்றூர்களின் வருமானத்துக்குப் போட்ட வழி. எனக்கு ரொம்பப் பிடித்த வழிதான். ஆனால் வரிப் படிவம் அதில் எழுதிய முகவரியின் கணக்கில்தான் சேரும். டெக்சாஸில் வீடும் மெக்கென்சியின் தலைநகரான வாட்ஃபோர்டு சிட்டியில் வேலையுமாக இருப்பவன் எந்த முகவரியை எழுதுவான், சொல்.

அதைவிட வேடிக்கை ஒன்று. இங்கே ஒரே கதவுக்குள் இருப்பவர்கள் ஒரு குடித்தனம். சொந்தக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை. எண்ணெய் ஓடிய நாளில் வாட்ஃபோர்டு சிட்டியில் வாடகை எகிறியது. எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் வேலைக்காரர்கள் நாலு பேர் ஒரு வீட்டைப் பங்குபோட்டு எடுத்தால் நாலு சம்பளமும் ஒரே குடித்தனத்தின் வருமானம். கம்பெனி கட்டிக்கொடுத்த முகாமில் படுப்பவர்களோ குடித்தனக் கணக்கிலேயே வரமாட்டார்கள். வருமானம் உயர்ந்ததில் எவ்வளவு சம்பளத்தால், எவ்வளவு வாடகையால் என்று எப்படிப் பிரிக்க?

போன வாரம் இன்னொரு கூத்து. பக்கத்துக் கவுண்டியின் இடைநிலையையும் கூட்டி இரண்டால் வகுத்து "வட்டார இடைநிலை" என்று புதுப் பையன் ஒருவன் கொண்டுவந்தான். ஒரு பக்கம் 20, 30, 35 ஆயிரம். மறுபக்கம் 40, 90, 95 என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவன் கணக்கில் 60, ஆறையும் வரிசையில் நிறுத்தினால் 37.5. பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பிறகு வருமானப் பிரிவுகளை எடுத்து, இடைநிலைக்கு நாம் மனப்பாடம் செய்த அந்த N/2 சூத்திரத்தையே போட்டோம்.

கடைசியில் நான் கோடு போடவில்லை. 1999-க்கு ஒரு புள்ளி, அப்புறம் ஒன்றோடொன்று மேல்படாத ஐந்தைந்து வருடத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் பிழை எல்லை. மேலாளருக்குத் திருப்தியில்லை. "அழகாக இல்லையே" என்றார். இல்லைதான்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். 2010-ல் நீ வீட்டுப்பட்டியல் எடுக்கப் போனாயே, டிவி இருக்கா, சைக்கிள் இருக்கா என்று கேட்டு. நம் சென்சஸ் வருமானம் கேட்பதில்லை, ஆனால் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடித்தனம் என்பது அங்கே விதி. அந்த விதியை வாட்ஃபோர்டு சிட்டிக்குக் கொண்டுபோனால், தனித்தனியாகச் சமைக்கும் நாலு பேரும் நாலு குடித்தனம். நடுவீடு சடாரென்று கீழே வந்துவிடும். வாசலில் நின்றுகொண்டு நீ இதை எப்படித் தீர்மானித்தாய்? அடுப்பைப் பார்த்தாயா, அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டாயா?

யோசித்தால் நம் அறையும் ஒரு குடித்தனம்தான், மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றுதானே இருந்தது. வருமானம் மட்டும் மாதக் கடைசியில் பூஜ்யம்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்