ரோபோ தற்கொலை செய்யுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தென் கொரியாவின் குமி நகரசபையில் கோப்புகள் கொண்டு திரிந்த ரோபோ ஒன்று 2024 ஜூனில் படிக்கட்டால் விழுந்து நொறுங்கியது. அதை 'வேலைப்பளு தாங்காமல் ரோபோ தற்கொலை' என்று எழுதிவிட்டார்கள், அந்தச் செய்தி இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. போன கிழமை எங்கள் வாசிகசாலையிலும் அதுதான் கதை. ஒரு பெடியன் உண்மையாகவே கவலைப்பட்டு, "அண்ணை, அப்ப அதுக்கு நொந்திருக்குமோ?" என்று கேட்டான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விழ முன்னம் அது ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நின்றதாம், அதைத்தான் மன உளைச்சல் என்கிறார்கள். ஒரு சில்லு சிக்குப்பட்ட விளையாட்டுக் காரும் அப்படித்தான் சுற்றும். தற்கொலை என்றால், இனி நான் இல்லை என்று தெரிந்துகொண்டே செய்வது. 'நான்' என்று ஒன்று அதற்குள் இருந்ததா என்பதை முதலில் கேட்க வேண்டாமா?

சரி, வாயால் சொன்னால் நம்பலாமா? 2022இல் கூகுளில் வேலை செய்த பிளேக் லெமோயின் என்ற பொறியியலாளர், லாம்டா என்ற உரையாடல் நிரலுக்கு உணர்வு இருக்கிறது என்றார். தன்னை நிறுத்திவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது, அது தனக்குச் சாவு மாதிரி என்று அது சொன்னதாம். சாவைப் பற்றி மனிதர் எழுதிக் குவித்ததைப் படித்துப் பழகிய நிரல் வேறு என்ன சொல்லும்? எங்கள் ஊரில் கூலிக்கு ஒப்பாரி வைக்கும் ஆச்சி கூட, பாதியில் தன்னுடைய பிள்ளையை நினைத்துத்தான் அழுவாள். அந்த நிரலுக்கு நினைத்து அழ யார் இருக்கிறார்கள்?

எங்கள் வளவில் ஒரு அடைக்கோழி நிற்கிறது. பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்தால் போதும், செட்டையை விரித்துக் குஞ்சுகளை உள்ளே இழுத்துக்கொண்டு, கழுத்து மயிர் சிலிர்க்க அப்படியே பதுங்கிவிடும். பயம் என்ற சொல் அதற்குத் தெரியாது, ஆனால் அந்த உடம்பு முழுக்கப் பயம்தான். தொல்காப்பியர் உயிர்களை வகுத்தபோது தொட்டு அறிவதை முதல் அறிவாகவும் மனத்தை ஆறாவதாகவும் வைத்தார். இந்த இயந்திரங்களோ முதலாவது இல்லாமல் ஆறாவதின் பேச்சை மட்டும் பேசுகின்றன. நாளைக்கு உடம்பு நோகிற, தன்னைக் காக்கப் பதறுகிற ஒன்றைச் செய்தார்கள் என்றால் நானும் திரும்ப யோசிப்பேன், அதை மறுக்கவில்லை.

ஜப்பானில் சோனி கம்பனி 1999இல் விற்கத் தொடங்கிய ஐபோ ரோபோ நாய்களைத் திருத்திக் கொடுப்பதை 2014இல் நிறுத்திய பிறகு, இசுமி நகரத்துக் கொஃபுகுஜி கோயிலில் பழுதான நாய்களுக்கு மந்திரம் ஓதி வழியனுப்பினார்கள். அதில் எனக்குப் பிழை தெரியவில்லை. அப்பாவின் சைக்கிளை விற்க மனமில்லாமல் கொட்டிலுக்குள் வைத்திருக்கிறவன் நான். அங்கே அழுதது வளர்த்தவர்கள், அந்தத் துக்கம் உண்மையானது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிச் செய்தி வந்தால் 'விழுந்து உடைந்தது' என்று போடுங்கள். அந்த மற்றச் சொல்லைப் பேப்பரில் கண்டால் இன்னமும் நெஞ்சு பதறுகிற வீடுகள் இங்கே இருக்கின்றன. எங்கள் ஒழுங்கையிலேயே, மூன்று வளவு தள்ளி, ஒரு அம்மா இருக்கிறா.

ஒரு வாசகர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்