கிரீன் கார்டு வரிசை: வயதும் பிறந்த நாடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க கிரீன் கார்டு பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'இந்தியர்கள் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள்' என்பதோடு நின்றுவிடுகின்றன. காத்திருக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

வேலைவழி விண்ணப்பத்தில் பெரும்பாலோருக்கு முதல் படி 'பெர்ம்'. தகுதியுள்ள அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று, ஞாயிறு நாளிதழில் இருமுறை விளம்பரம் கொடுப்பது உட்படப் பல வழிகளில் தேடிப் பார்த்து, நிறுவனம் தொழிலாளர் துறைக்குக் காட்ட வேண்டும். வக்கீல் கட்டணம் உட்பட பெர்ம் செலவு முழுவதும் நிறுவனத்தின் பொறுப்பு. சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள், அது விதிமீறல்.

பெர்ம் மனு பதிவான நாளே உங்கள் 'பிரயாரிட்டி டேட்', அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதி. பெர்ம் ஒப்புதல் வந்த 180 நாட்களுக்குள் நிறுவனம் உங்களுக்காகக் குடிவரவுத் துறையில் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு போட வேண்டும். ஐ-140 ஒப்புதலான பிறகு வேலை மாறினால் புதிய நிறுவனம் பெர்மிலிருந்து மறுபடி தொடங்கினாலும், மோசடி போன்ற காரணங்களால் ரத்தாகாதவரை பழைய தேதி உங்களுக்கே. ஒப்புதலாகி 180 நாட்கள் கடந்துவிட்டால், பழைய நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும் அதை வைத்து எச்1பி வேலை விசாவை அதன் ஆறாண்டு வரம்புக்கு மேல் நீட்டிக்கக் கேட்கலாம். ஒப்புதல் அறிவிப்பு நிறுவனத்துக்கும் அதன் வக்கீலுக்கும்தான் போகும். வேலையில் இருக்கும்போதே நகல் கேட்டு வாங்கிவிடுங்கள். விலகிய பிறகு கேட்டால் பலருக்குக் கிடைப்பதில்லை.

வரிசையைத் தீர்மானிப்பது பாஸ்போர்ட் அல்ல, பிறந்த நாடு. கணவனோ மனைவியோ இலங்கையிலோ, சிங்கப்பூரிலோ, குவைத்திலோ பிறந்திருந்தால், இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது அந்த நாட்டுக் கணக்கில் சேரலாம். இந்திய வரிசையைவிட அது பெரும்பாலும் மிகக் குறுகியது. வளைகுடாவில் பிறந்து இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதை அறியாமலே காத்திருப்பது வேதனை. பிள்ளை பிறந்த நாடு பெற்றோருக்கு உதவாது.

பிள்ளைக்கு 21 வயதானால் பெற்றோரின் மனுவிலிருந்து விலகிப்போகும். ஆனால் விசா எண் கிடைக்கும் நாளில் (வரிசையில் உங்கள் முறை வரும்போது) உள்ள வயதிலிருந்து ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. மனு 240 நாட்கள் நிலுவையில் இருந்தால், 21 வயது 5 மாதமான பிள்ளையும் தப்பிக்கும். கூடுதல் கட்டணம் கட்டி மூன்று வாரத்தில் ஒப்புதல் வாங்கியிருந்தால் கழிக்க அந்த மூன்று வாரம்தான். அவசரம் இல்லாதவர்கள் பிள்ளையின் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பணத்தைக் கட்டுவது நல்லது. 2025 ஆகஸ்ட் 15 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு, இந்த வயதுக் கணக்கில் எந்தத் தேதி வரை முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில், கிரீன் கார்டு கொடுக்கக்கூடிய தேதிகளைக் காட்டும் 'இறுதி நடவடிக்கைத் தேதி' பட்டியலே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பிறப்புச் சான்றையும் இப்போதே பாருங்கள். தமிழ்நாட்டுப் பழைய சான்றுகள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. ஊரில் உள்ள பதிவாளரிடம் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதிவே இல்லையென்றால், பதிவு இல்லை என்ற சான்றுடன் பள்ளிச் சான்றும் விவரம் அறிந்த பெரியவர்களின் பிரமாணப் பத்திரங்களும் வேண்டும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே வாங்கிவையுங்கள்.

விசா புல்லட்டின் வெளியாகும் ஒவ்வொரு மாதமும், இந்தியாவுக்கான இறுதி நடவடிக்கைத் தேதி, விண்ணப்பிக்கும் தேதி ஆகிய இரண்டு பட்டியல்களையும் தனித்தனியே குறிப்பிட்டுத் தங்கள் நாளிதழ் வெளியிட்டால் பலருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நியூ ஜெர்சி